எந்தப் படை வலியது? – புளியங்கொட்டையில் ஒரு கணிதப் பாடம்

மதிய இடைவேளை முடிந்து ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தபோது மாணவர்களிடையே பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. காரணம், முதல் நாள் வீட்டில் கைப்பேசியில் பார்த்த ஒரு காணொளி. இரண்டு நாடுகளின் கொடிகளை மேலே போட்டு, கீழே வரிசையாக வீரர்கள் இத்தனை, டாங்கிகள் இத்தனை, விமானங்கள் இத்தனை என்று காட்டிவிட்டு, இறுதியில் "மோதினால் வெற்றி யாருக்கு?" என்று கேட்கும் காணொளி அது. கிரிக்கெட் ஸ்கோரைப் போல அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள்.

"யாருகிட்ட ஜாஸ்தி இருக்கோ அவங்கதானே டீச்சர் ஜெயிப்பாங்க?" என்றான் ஒருவன்.

பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "பாரதத்துல கௌரவங்ககிட்ட பதினோரு அக்குரோணி, பாண்டவங்ககிட்ட ஏழுதான். ஏழுதானே ஜெயிச்சுது?"

வகுப்பு அமைதியானது. எனக்கும் உடனே பதில் வரவில்லை. கண்ணன் துணை இருந்தான் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அது கணித வகுப்பில் சொல்லும் பதில் ஆகாது. அன்று தொடங்கி நான்கு பாடவேளைகள், சமூக அறிவியல் ஆசிரியரின் துணையோடு, இந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டோம். இரண்டு படைகளின் வலிமையை எப்படி ஒப்பிடுவது? அந்த வகுப்புகளில் நான் கற்றுக்கொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எதை எண்ணுவது?

முதல் சிக்கல் எண்ணுவதிலேயே இருக்கிறது. ஒரு யானையையும் ஒரு காலாள் வீரனையும் கூட்டினால் "இரண்டு" என்று எழுதலாமா? ஆடும் மாடும் சேர்ந்து எத்தனை லிட்டர் பால் தரும் என்று தலையை எண்ணிச் சொல்ல முடியாதல்லவா?

அக்குரோணி என்பது இந்தச் சிக்கலை ஓரளவு உணர்ந்த அளவு. மகாபாரதத்தின் ஆதிபருவம் அதன் கணக்கைத் தருகிறது. 21,870 தேர், 21,870 யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். மாணவர்களை வகுத்துப் பார்க்கச் சொன்னேன். 1 : 1 : 3 : 5 என்ற விகிதம் வந்தது. அதாவது, ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் கொண்ட சிறு பிரிவு ஒன்று. அதைப் போல 21,870 பிரிவுகள் சேர்ந்தால் ஓர் அக்குரோணி. நான்கு எண்களில் எதன் இலக்கங்களைக் கூட்டினாலும் 18 வருவதையும் மாணவர்களே கண்டுபிடித்தார்கள்.

கௌடில்யரின் அர்த்தசாத்திரம் அடுத்த படிக்குப் போகிறது. அணிவகுப்பைப் பற்றிச் சொல்லும்போது, ஒரு குதிரையை எதிர்கொள்ள மூன்று காலாள், ஒரு யானையையோ தேரையோ எதிர்கொள்ள ஐந்து குதிரை அல்லது பதினைந்து காலாள் என்று அது கணக்கு வைக்கிறது. இது நாணய மாற்று விகிதம் போன்றது. எல்லாவற்றையும் காலாளாக மாற்றிவிடலாம். மேலே சொன்ன சிறு பிரிவின் மதிப்பு 15 + 15 + 9 + 5 = 44 காலாள். ஓர் அக்குரோணியின் மதிப்பு 21,870 × 44 = 9,62,280 காலாள்.

இன்றைய ராணுவ ஆய்வாளர்கள் டாங்கிக்கு இத்தனை மதிப்பெண், பீரங்கிக்கு இத்தனை மதிப்பெண் என்று போட்டுக் கூட்டும் முறையும் அடிப்படையில் இதுவே. எடையிட்ட சராசரி நடத்தும்போது இந்தக் கணக்கை எடுத்துக்காட்டாகத் தரலாம். ஆனால் 11-க்கு 7 என்ற கேள்வி அப்படியேதான் நின்றது. இரண்டு பக்கமும் ஒரே வகை அக்குரோணி என்பதால், எந்த மதிப்பெண் போட்டாலும் விகிதம் மாறாது.

வரப்பும் வயலும்

இரண்டாவது கேள்வி, படைகள் எப்படி மோதுகின்றன என்பது. இதை விளக்க எங்கள் பகுதியில் கரும்பலகைகூடத் தேவையில்லை. சன்னலுக்கு வெளியே வயல் இருக்கிறது.

ஒற்றையடி வரப்பில் இந்தப் பக்கம் 50 பேரும் அந்தப் பக்கம் 40 பேரும் நின்று மோதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரப்பின் அகலத்தில் ஒருவரை ஒருவர்தான் எதிர்கொள்ள முடியும். மற்றவர்கள் பின்னால் முறைக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். இருவரும் சம திறமை உடையவர்கள் என்றால் ஒன்றுக்கு ஒன்று விழும். முடிவில் 40 பேர் தீர்ந்து, 10 பேர் மிஞ்சுவார்கள். இது வெறும் கழித்தல்.

இப்போது அறுவடை முடிந்த பரந்த வயலுக்கு வருவோம். கையில் வாள் இல்லை. தொலைவிலிருந்து தாக்கும் ஆயுதம் இருக்கிறது. 50 பேரும் ஒரே நேரத்தில் தாக்கலாம். 40 பேரும் ஒரே நேரத்தில் தாக்கலாம். இங்கே பெரிய படைக்கு இரட்டை ஆதாயம். அது அதிகம் தாக்குகிறது. அதன் மீது விழும் தாக்குதலும் அதிகம் பேரிடையே பிரிந்து போகிறது.

இந்த வேறுபாட்டைக் கணிதமாக்கியவர் பிரடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். கார் வடிவமைப்பிலும் விமானவியலிலும் பெயர் பெற்றவர். முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் அவர் எழுதிய கட்டுரைகள் 1916-இல் நூலாக வந்தன. ஏறத்தாழ அதே காலத்தில், 1915-இல், ரஷ்யாவில் ஓசிப்பொவ் என்பவரும் தனியாக இதே கணக்கை எட்டியிருந்தார். வரப்புச் சண்டைக்குப் பொருந்துவது நேர்கோட்டு விதி. வயல் சண்டைக்குப் பொருந்துவது வர்க்க விதி. அதாவது படையின் வலிமை எண்ணிக்கையைப் பொறுத்து வளர்வதில்லை, எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது.

வகுப்பில் செய்து பார்த்தது

வகைக்கெழுச் சமன்பாடு தெரியாத ஒன்பதாம் வகுப்புக்கு இதை எப்படிக் காட்டுவது? புளியங்கொட்டை கைகொடுத்தது. ஒரு பக்கம் 50 கொட்டை, மறு பக்கம் 40 கொட்டை. விதி ஒன்றுதான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் இழப்பது, எதிர்ப்பக்கத்தில் அப்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு. பின்னம் வந்தால் அருகிலுள்ள முழு எண்ணாக்கிக்கொள்ள வேண்டும். அரைப் பின்னத்தை மேல் எண்ணாக்க வேண்டும்.

முதல் சுற்றில் பெரிய பக்கம் 4 இழந்து 46 ஆனது; சிறிய பக்கம் 5 இழந்து 35 ஆனது. அடுத்து 42, 30. பிறகு 39, 26. பிறகு 36, 22. பிறகு 34, 18. ஐந்து சுற்றில் 5-க்கு 4 என்றிருந்த விகிதம் ஏறக்குறைய 2-க்கு 1 ஆகிவிட்டது. பதினோராம் சுற்றில் சிறிய பக்கம் முற்றிலும் தீர்ந்தது. பெரிய பக்கத்தில் 27 மிஞ்சியது. வரப்பில் 10 மிஞ்சிய இடத்தில் வயலில் 27! வகுப்பே வியந்தது.

ஏன் இப்படி? இங்கேதான் நாம் நடத்தும் முற்றொருமை உயிர் பெறுகிறது. பெரிய பக்கத்தை அ என்றும் சிறிய பக்கத்தை ஆ என்றும், பத்தில் ஒன்று என்ற பங்கை ப என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்குப் பின் பெரிய பக்கம் (அ – பஆ), சிறிய பக்கம் (ஆ – பஅ). இரண்டையும் வர்க்கப்படுத்திக் கழித்தால், நடுவில் வரும் 2பஅஆ இரண்டிலும் இருப்பதால் அடிபட்டுப் போகும். மீதி (அ² – ஆ²)(1 – ப²).

ப என்பது 0.1 எனில் 1 – ப² = 0.99. அதாவது இரு படைகளும் சுற்றுக்குச் சுற்று கரைகின்றன. ஆனால் அவற்றின் வர்க்கங்களின் வேறுபாடு சுற்றுக்கு நூற்றில் ஒரு பங்குதான் குறைகிறது. பங்கைச் சிறிதாக்கச் சிறிதாக்க அந்தக் குறைவும் மறைந்து, வேறுபாடு மாறாமல் நிற்கும். அப்போது மீதி என்ன? 50² – 40² = 2500 – 1600 = 900. வர்க்கமூலம் 30. நமக்கு 27 கிடைத்தது, பெரிய சுற்றுகளாக எடுத்ததாலும் முழு எண்ணாக்கியதாலும்.

"இது பிதாகரஸ் தேற்றம் மாதிரி இருக்கே டீச்சர்!" என்று ஒரு மாணவன் சொன்னபோது அன்றைய பாடம் நிறைவேறியது. ஆம். பெரிய படை கர்ணம். சிறிய படை ஒரு பக்கம். மீதி இன்னொரு பக்கம். 5-க்கு எதிராக 4 நின்றால் 3 மிஞ்சும். 13-க்கு எதிராக 12 நின்றால் 5 மிஞ்சும்.

பிரிந்தால் என்ன ஆகும்?

அதே செங்கோண முக்கோணம் இன்னொன்றையும் சொல்கிறது. எதிரியிடம் 70 பேர் இருக்கிறார்கள். ஆனால் 40, 30 என இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். நம்மிடம் 50 பேர்தான். ஒன்றாக நின்று முதலில் 40-ஐ எதிர்கொண்டால் நம்மில் 30 மிஞ்சும். பிறகு அந்த 30-க்கு எதிராக மீதி 30. ஆட்டம் சமம். 40² + 30² = 50² என்பதற்குப் போர்க்களத்தில் இதுவே பொருள். பிரிந்து நிற்கும் 70, சேர்ந்து நிற்கும் 50-க்குத்தான் ஈடு.

லான்செஸ்டர் இதற்கு எடுத்துக்கொண்ட உதாரணம் 1805-இல் நடந்த டிரபால்கர் கடற்போர். போருக்கு முன் நெல்சன் எழுதிய திட்டத்தில் தன்னிடம் 40 கப்பல், எதிரியிடம் 46 கப்பல் என்று வைத்துக்கொண்டார். நேருக்கு நேர் நின்றால் 1600-க்கு 2116. தோல்வி உறுதி. எதிரியின் வரிசையை நடுவில் வெட்டி, 23 கப்பல்களை 32 கப்பல்களால் தாக்கி, மற்ற 23-ஐ 8 கப்பல்களால் தடுத்து வைப்பது என்று கணக்கிட்டால், 32² + 8² = 1088; 23² + 23² = 1058. இழுபறியே அவர் பக்கம் சாய்கிறது.

நம் பாடநூலில் உள்ள கர்நாடகப் போர்களிலும் இதைக் காணலாம். 1751-இல் சந்தா சாகிபின் படை திருச்சிராப்பள்ளியில் முகமது அலியை முற்றுகையிட்டிருந்தபோது, இராபர்ட் கிளைவ் 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும் கொண்ட சிறு படையோடு திருச்சிக்குப் போகாமல் ஆற்காட்டைப் பிடித்தார். சந்தா சாகிப் தன் படையில் ஒரு பகுதியைப் பிரித்து ஆற்காட்டுக்கு அனுப்ப நேர்ந்தது. "ஏன் ஆற்காடு?" என்ற வினாவுக்கு மாணவர்கள் இப்போது கணக்கோடு விடை எழுதுவார்கள்.

விதி தடுமாறும் இடங்கள்

எந்தச் சூத்திரத்தையும் அதன் நிபந்தனைகளோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். வர்க்க விதிப்படி, எதிரி இரு மடங்கு என்றால் நம் ஒவ்வொருவரின் திறனும் நான்கு மடங்கு இருந்தால்தான் சமம். பத்து மடங்கு என்றால் நூறு மடங்கு வேண்டும். ஆனால் 1746-இல் சென்னை அடையாற்றங்கரையில் ஆயிரம் பேருக்கும் குறைவான பிரெஞ்சுப் படை, ஆற்காட்டு நவாபின் மகன் மாபுஸ்கான் தலைமையில் வந்த சுமார் 10,000 பேர் கொண்ட படையைத் தோற்கடித்தது. துப்பாக்கிப் பயிற்சியும் கட்டுப்பாடும் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் நூறு மடங்கு ஆகுமா? ஆகாது. இங்கே விதியின் அடிப்படை நிபந்தனையே பொருந்தவில்லை. இரு தரப்பும் கடைசி ஆள் வரை நிற்கும் என்று விதி கருதுகிறது. அடையாற்றில் பெரிய படை அழியவில்லை, கலைந்தது. மன உறுதி உடைந்த படையின் எண்ணிக்கை காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

கோட்டை இன்னொரு விதிவிலக்கு. ஆற்காட்டில் கிளைவின் சிறு படையைச் சுமார் 10,000 பேர் ஐம்பது நாள் முற்றுகையிட்டும் வீழ்த்த முடியவில்லை. மதில் என்பது வயலை வரப்பாக மாற்றும் சாதனம். வெளியே எத்தனை பேர் நின்றாலும் உடைப்பின் அகலத்துக்கு ஏற்பத்தான் உள்ளே வர முடியும். தமிழ் இலக்கணம் புறத்திணைகளில் களத்தில் எதிர்நின்று பொருவதைத் தும்பை என்றும், மதில் முற்றுகையை உழிஞை என்றும் பிரித்து வைத்ததை இங்கே தமிழாசிரியர் எடுத்துச் சொன்னால் மாணவர்களுக்கு இரண்டு பாடமும் ஒன்றாகப் புரியும்.

மூன்றாவது, உணவும் வெடிமருந்தும். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி காரைக்காலிலிருந்து நாகூர், கீவளூர் வழியாக வந்து தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டார். படைக்கு உணவும் வெடிமருந்தும் குறைந்தன. ஆங்கிலேயக் கடற்படையால் காரைக்காலுக்கு ஆபத்து என்ற செய்தியும் வந்தது. முற்றுகையை விட்டுவிட்டுத் திரும்பினார். நெற்களஞ்சியம் என்று நாம் சொல்லும் நாட்டில் ஒரு படை பசியோடு திரும்பியது!

நான்காவது, உடன் நிற்பவர் உண்மையில் போரிடுவாரா என்பது. அதே லாலி 1760 ஜனவரியில் வந்தவாசியில் சர் அயர் கூட்டை எதிர்கொண்டபோது, அவர் பக்கம் வந்திருந்த மராத்தியக் குதிரைப்படை ஒதுங்கி நின்றது. போரின் நடுவே பிரெஞ்சுப் படையின் வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துக் குழப்பமும் ஏற்பட்டது. எந்தப் பட்டியலும் இந்த இரண்டையும் முன்கூட்டிக் காட்டியிருக்க முடியாது.

அப்படியானால் லான்செஸ்டரின் கணக்கு பயனற்றதா? இல்லை. 1945-இல் நடந்த இவோ ஜிமா தீவுப் போரின் அன்றாட இழப்புக் குறிப்புகளை எடுத்து, எங்கெல் என்ற ஆய்வாளர் 1954-இல் சரிபார்த்தபோது கணக்கு நன்கு பொருந்தியது. தப்பிக்க வழியில்லாத தீவில், கடைசி வரை நடந்த போர் அது. நிபந்தனை பொருந்திய இடத்தில் விதியும் பொருந்தியது.

பழைய நூல்கள் இந்த வரம்பை அறிந்திருந்தன. கௌடில்யர் அரசனின் வலிமையை மூன்றாகப் பிரிக்கிறார். ஊக்கம், படையும் பொருளும், ஆராய்ந்து முடிவெடுக்கும் அறிவு. இவற்றில் ஊக்கத்தைவிடப் படையும் பொருளும் மேல், அவற்றைவிட அறிவு மேல் என்பது அவர் முடிவு. திருக்குறளின் 48-ஆம் அதிகாரமான வலியறிதல், எடுத்துக்கொண்ட செயல் எவ்வளவு கடினமானது என்பதையும், தன் பலத்தையும், எதிரியின் பலத்தையும், துணை நிற்பவர்களின் பலத்தையும் சேர்த்து எடைபோடச் சொல்கிறது. கைப்பேசிக் காணொளி காட்டியது இந்த நான்கில் இரண்டை மட்டுமே, அதையும் அரைகுறையாக.

எண்ணே இல்லாத போர்

கடைசிப் பாடவேளையை எங்களுக்கு அருகிலேயே நடந்த ஒரு போருக்கு ஒதுக்கினோம். திருப்பனந்தாளிலிருந்து கும்பகோணம் போய், அங்கிருந்து சிறிது தூரம் சென்றால் திருப்புறம்பியம். 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சுமார் 880-இல், பாண்டியன் இரண்டாம் வரகுணன் ஒரு பக்கமும், பல்லவன் அபராஜிதனும் கங்க மன்னன் முதலாம் பிருதிவீபதியும் மறு பக்கமும் நின்று போரிட்ட இடம். ஆதித்த சோழனும் பல்லவர் பக்கம் நின்றான் என்பது வரலாற்றாசிரியர் கருத்து. உதயேந்திரம் செப்பேடு இந்தப் போரைக் குறிப்பிடுகிறது. பாண்டியன் தோற்றான், வென்ற பக்கத்தில் பிருதிவீபதி உயிரிழந்தான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு அங்குள்ள பள்ளிப்படை நினைவுக்கு வரும்.

இந்தப் போரில் எத்தனை யானை, எத்தனை குதிரை என்ற எண் செப்பேட்டில் இல்லை. ஆகவே எந்தச் சூத்திரத்தையும் பயன்படுத்த முடியாது. ஆனாலும் கேட்பதற்குக் கேள்விகள் உண்டு. துணை யார்? 949-இல் தக்கோலத்தில் யானை மீதிருந்த இராசாதித்தன் வீழ்ந்ததும் சோழர் படை தோற்றது. திருப்புறம்பியத்தில் பிருதிவீபதி வீழ்ந்தும் அவன் பக்கம் வென்றது. ஏன்? ஒரு பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தலைவர்கள் இருந்ததால் இருக்கலாமோ என்று மாணவர்கள் விவாதித்தார்கள். போரால் பயன் அடைந்தது யார்? சில ஆண்டுகளில் ஆதித்தன் அபராஜிதனையே வென்று தொண்டை மண்டலத்தைக் கைப்பற்றினான். அன்றைய துணைவலி பின்னாளில் எதிர்வலியாக மாறியது.

பாடம் முடிந்து கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். பாரதக் கேள்வி கேட்ட அதே மாணவி, சுற்றுக்குச் சுற்று எடுத்துப் போட்ட கொட்டைகளைத் தனியே குவித்து எண்ணிக்கொண்டிருந்தாள். "டீச்சர், தோத்தவங்க நாப்பது பேரும் போயிட்டாங்க. ஜெயிச்சவங்களும் இருபத்து மூணு பேர் போயிட்டாங்க. அந்தக் காணொளியில இந்தக் கணக்கே வரலையே" என்றாள்.

அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. பதினெட்டு அக்குரோணியும் அழிந்து, எஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதுதானே பாரதப் போரின் கணக்கும்?

வகுப்பில் பயன்படுத்த

இந்தச் செயல்பாட்டை எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை செய்யலாம். தொடக்க வகுப்புகளில் வரப்புச் சண்டையைக் கழித்தலாகவும், அக்குரோணியை விகிதமாகவும் நடத்தினால் போதும். மாணவர்களையே படைகளாக்கி நிறுத்த வேண்டாம். கொட்டையோ சோழியோ போதுமானது. சுற்றுகளைப் பட்டியலிட்டு வரைபடத்தாளில் குறிக்கச் சொல்லுங்கள். பத்தில் ஒரு பங்குக்குப் பதில் இருபதில் ஒரு பங்கு எடுத்தால் மீதி 30-ஐ இன்னும் நெருங்குகிறதா என்று பின்னத்தை விடாமல் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

வரலாற்றுப் பாடத்திலோ செய்தியிலோ இரண்டு படைகளின் எண்கள் வரும்போதெல்லாம் ஐந்து கேள்விகளை எழுப்பப் பழக்குவோம். இந்த எண்ணைச் சொன்னவர் யார்? எதை எண்ணினார், எதை விட்டார்? மோதல் வரப்பிலா, வயலிலா, மதிலிலா? துணை நிற்பவர் உண்மையில் நிற்பாரா? முடிவில் இரு பக்கமும் இழந்தது எத்தனை?

ஐந்தாவது கேள்வியை எனக்குக் கற்றுத் தந்தது அந்த மாணவிதான்.